மூக்கு மட்டமா, மார்பு மட்டமா: டூரிங் பைக்குக்கு எந்த உயர விண்ட்ஷீல்டு?

வெள்ளிக்கிழமை வேலை முடித்து, சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து, அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டி எண்பதைத் தொடும். ஓசூர் கழிவதற்குள் ஹெல்மெட் படபடக்கத் தொடங்கிவிடும். கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தினால் கழுத்து இறுகிக் கிடக்கும், காதுக்குள் இரைச்சல் ஓயாது. சேலம், மதுரை, சென்னை என்று சொந்த ஊருக்குப் பைக்கிலேயே போய்வரும் பெங்களூர்த் தமிழர்கள் பலர், பெரிய விண்ட்ஷீல்டு வாங்கிவிடலாம் என்று முடிவெடுப்பது இந்த டீக்கடையில்தான். அடுத்த வாரம் ஜே.சி. ரோட்டில் கடை ஏறினால் குட்டை, கம்பெனி உயரம், டூரிங், மேலே மாட்டும் டிஃப்ளெக்டர் என்று நான்கு விதம் எடுத்து வைப்பார்கள். எது வாங்குவது என்பதற்கான விடை கடையில் இல்லை. உங்கள் உட்கார்ந்த உயரத்தில் இருக்கிறது.

## காற்று எங்கே மோதுகிறது

விண்ட்ஷீல்டு காற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை, திருப்பி விடுகிறது. மேல் விளிம்பைத் தாண்டிய காற்று சாய்வாக மேலே போகும். ஷீல்டுக்குப் பின்னால் இருக்கும் காற்று கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இந்த இரண்டும் உரசும் இடத்தில் காற்று சுருண்டு சுருண்டு வரும். அந்தக் குழம்பிய காற்று உங்கள் உடம்பில் எந்த இடத்தில் வந்து அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

அது மார்பிலோ தோளிலோ அடித்தால், ஹெல்மெட்டுக்குச் சீரான காற்று கிடைக்கும். சத்தம் இருக்கும், ஆட்டம் இருக்காது. ஹெல்மெட்டுக்கு மேலே போய்விட்டால் சத்தமும் குறையும், ஆட்டமும் குறையும். தாடைக்கும் நெற்றிக்கும் நடுவே அடித்தால்தான் தொல்லை: தலை இடைவிடாமல் ஆடும், கண்முன் சாலை அதிரும், கழுத்து வலிக்கும். ஆகவே நல்ல உயரங்கள் இரண்டு. தெளிவாகத் தாழ்ந்திருப்பது ஒன்று, மூக்கு மட்டத்துக்குக் கிட்ட உயர்ந்திருப்பது மற்றொன்று. இடையில் நிற்கும் உயரம்தான் மோசமானது. கம்பெனி ஷீல்டைக் கழற்றிவிட்டு 5 செ.மீ. உயரமானதைப் போட்டவர்கள் "முன்னைவிட மோசமாகிவிட்டது" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மார்பில் அடித்துக்கொண்டிருந்த காற்றைத் தாடைக்கு ஏற்றிவிட்டார்கள்.

வேகத்தையும் சரியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது: 80-ல் இருப்பதைப் போல 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இருசக்கர வண்டிக்கு நான்குவழிச் சாலையில் வரம்பே 80-தானே, 110 எதற்கு என்று நினைக்கலாம். எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வீசினால், ஸ்பீடோமீட்டரில் 80 இருந்தாலும் உங்கள் நெஞ்சில் மோதுவது 110 கி.மீ. காற்று. ஷீல்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த நாளுக்காக.

## எதையெல்லாம் எடைபோட வேண்டும்

முதன்மையானது பார்வை. பைக் விண்ட்ஷீல்டுக்கு வைப்பர் கிடையாது. அதனால் சாலையை ஷீல்டுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், ஷீல்டு வழியாக அல்ல. மழை, மார்கழிப் பனி, அந்தியில் மோதும் பூச்சி, எதிரே வரும் எல்இடி விளக்கு என்று எது வந்தாலும், கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியே பார்ப்பவருக்கு வெள்ளைப் பூச்சு மட்டுமே தெரியும். மற்ற எந்த வசதிக்காகவும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்து ஹெல்மெட் ஆட்டம், மார்பில் விழும் பாரம், பக்கக் காற்றில் ஹேண்டில் எப்படி நடந்துகொள்கிறது, நகர நெரிசலில் புழுக்கம், பின்னால் உட்காருபவரின் நிலை. கடைசியாகத்தான் விலை.

## வாங்கும் முன் இரண்டு அளவுகள்

வேண்டிய உயரம். வண்டி குறைந்த நேரான சாலையில் 70–80-ல் சீராகப் போகும்போது, இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க, கால்களை ஊன்றி சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டதா? உங்களுக்கு ஷீல்டு குறைய வேண்டும். மாறாக, கொஞ்சம் குனிந்தால் நிற்கிறதா? கூட வேண்டும். எவ்வளவு குனிந்தீர்களோ, ஏறத்தாழ அவ்வளவு விளிம்பு உயர வேண்டும். 8 செ.மீ. குனிந்ததும் அமைதியானால், தேவை 8 செ.மீ. எழுந்தும் குனிந்தும் மாற்றமே இல்லையென்றால் ஹெல்மெட்டைச் சந்தேகியுங்கள். முன்னால் நீண்ட பீக் வைத்த அட்வெஞ்சர் ஹெல்மெட் காற்றைப் பிடித்து இழுக்கும். பீக்கைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால், செலவில்லாமலே வேலை முடிந்துவிடக்கூடும்.

தாண்டக்கூடாத உயரம். இதற்கு உதவிக்கு ஒருவர் வேண்டும். டயரில் சரியான காற்று, ஊருக்குப் போகும்போது ஏற்றும் அதே சுமை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாவற்றோடும் சமதரையில் வண்டியை நிமிர்த்தி, வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்காருங்கள். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து அளக்க வேண்டாம், முதல் 50 கி.மீ. கடந்ததும் முதுகு தளர்ந்துவிடும். தரையிலிருந்து கண் உயரத்தை உதவியாளர் அளக்கட்டும். கண்ணிலிருந்து விளிம்பு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதையும் அளக்கட்டும்.

கண் உயரம் 148 செ.மீ., விளிம்பு 60 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் தள்ளியுள்ள சாலை, விளிம்புக்கு மேலாகத் தெரிய வேண்டும். கண்ணிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கயிறு இழுத்தால், 60 செ.மீ. தூரத்தில் அது 6 செ.மீ. இறங்கியிருக்கும். ஆக உச்சவரம்பு 142 செ.மீ. இரவில் அதிகம் ஓட்டுபவர், வேகத்தடை தெரிய 10 மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது. அப்போது 9 செ.மீ. இறங்கும், வரம்பு 139. முகத்தில் பார்த்தால் இது மூக்கு நுனிக்கும் கீழ் உதட்டுக்கும் நடுவே வரும்.

இப்போதுள்ள விளிம்பு தரையிலிருந்து 122 செ.மீ., குனிந்து பார்த்ததில் தேவை 8 என்றால், 130-ல் முடியும் ஷீல்டு போதும். வரம்பு 139 வரை இடம் இருக்கிறதே என்று உயரமானதை வாங்காதீர்கள். தேவை 24 என்று வந்தால் அது வரம்பைத் தாண்டுகிறது. அப்போது உயரத்தால் தீராது, சாய்வு மாற்றம், டிஃப்ளெக்டர், அல்லது குட்டை ஷீல்டுதான் வழி.

கேட்டலாகில் "10 செ.மீ. கூடுதல்" என்று போட்டிருப்பது பிளாஸ்டிக்கின் நீளம். 45 டிகிரி சாய்ந்திருக்கும் ஷீல்டில் அந்தப் பத்து, விளிம்பை 7 செ.மீ.தான் உயர்த்தும். கூடவே முகத்தை நோக்கி 7 செ.மீ. நெருங்கியும் வரும். ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டும் வீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: உயரத்தில் 18 செ.மீ. வித்தியாசம் உள்ளவர்களுக்கு உட்கார்ந்த நிலையில் கண் உயர வித்தியாசம் சுமார் 9 செ.மீ. ஒருவருக்குப் பொருந்தியது மற்றவருக்குத் தாடையில் அடிக்கும். ஜெல் சீட், ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் போடும் எண்ணம் இருந்தால் முதலில் அவற்றைப் போட்டுவிட்டு அளவெடுங்கள்.

## ஒரு பார்வையில்

| வகை | விளிம்பு எங்கே | ஹெல்மெட்டில் | பக்கக் காற்றில் | நகர நெரிசலில் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| குட்டை | வயிறு, கீழ் மார்பு | சீரான காற்று, சத்தம் அதிகம் | ஹேண்டில் இலகு | நல்ல காற்றோட்டம் | தினமும் ஆபீஸ், எப்போதாவது ஹைவே |
| கம்பெனி உயரம் | மார்பு, தோள் | ஆளைப் பொறுத்தது | இலகு | நன்று | சராசரி உயரம், 200 கி.மீ.க்குள் பயணம் |
| உயரமான டூரிங் | மூக்கு, உதடு | அமைதி, அளவு தப்பினால் ஆட்டம் | இழுக்கும் | புழுக்கம் | மாதம் இருமுறையாவது நீண்ட ஹைவே |
| டிஃப்ளெக்டர் | மாற்றிக்கொள்ளலாம் | பொறுமையாகச் சரிசெய்தால் நன்று | சற்று இழுக்கும் | இறக்கிவிடலாம் | இருவர் ஓட்டும் வண்டி, முடிவெடுக்காதவர்கள் |

## குட்டை ஷீல்டு

ஸ்டைலுக்காகப் போடுகிறார்கள் என்று ஒதுக்க வேண்டாம். தலை முழுவதும் சீரான காற்றில் இருப்பதால் ஆட்டம் அறவே இருக்காது. 180 செ.மீ.க்கு மேல் உயரமுள்ளவர்களுக்குச் சில வண்டிகளில் எந்த டூரிங் ஷீல்டும் எட்டாது. அவர்களுக்கு இதுவே நிம்மதி. மறைமுகச் செலவு காதுக்கு. மணிக்கணக்கில் ஹைவே காற்று இரைச்சல் செவித்திறனைக் கெடுக்கும், இயர்ப்ளக் கட்டாயம். மார்பில் முழுக் காற்றும் விழுவதால் எதிர்க்காற்று நாளில் மணிக்கட்டும் தோளும் களைத்துவிடும்.

## கம்பெனி உயரம், சாய்வு மட்டும் மாற்றி

பலரும் தாண்டிப் போய்விடும் வழி இது. மேல் போல்ட்டுகளில் ஷீல்டுக்கு அடியில் 5 அல்லது 10 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி தரும் சிறு வளையம்) வைத்தால் ஷீல்டு சற்று நிமிரும். கீழ் போல்ட்டுகளில் வைத்தால் பின்னுக்குச் சாயும். நிமிர்ந்த ஷீல்டு விளிம்பைக் கொஞ்சம் உயர்த்திக் காற்றை மேலே எறியும். கீழ் போல்ட்டுகளில் வைக்கும்போது கீழே உண்டாகும் இடைவெளி வழியே உள்ளே நுழையும் காற்று, ஷீல்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து உண்டாகும் வெற்றிடத்தைத் தணிக்கும். நாலு ஸ்பேசர், அதற்கேற்ற நீளத்தில் போல்ட், இவ்வளவுதான் செலவு. பழைய போல்ட்டையே போட்டால் மரை பாதிதான் பிடிக்கும், ஆட்டத்தில் கழன்றுவிடும்.

## உயரமான டூரிங் ஷீல்டு

அளவு பொருந்தினால் இதற்கு நிகரில்லை. டிசம்பர் விடியலில் ஓசூர்க் குளிரில் மார்பு உறையாது. சென்னை வரை 350 கி.மீ. போய் இறங்கும்போது தோளில் இறுக்கம் இருக்காது. மழைச்சாரல் நெஞ்சில் நேரே அடிக்காது. ஆனால் கவனிக்க வேண்டியவையும் இதில்தான் அதிகம்.

முதலாவது, ஷீல்டு எதில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது. நின்றபடி ஹேண்டிலைத் திருப்புங்கள். ஷீல்டும் கூடத் திரும்புகிறதா? மீட்டியார் 350, சூப்பர் மீட்டியார் 650 போன்ற வண்டிகளில் திரும்பும். கேடிஎம் 390 அட்வெஞ்சர் போல முன்பக்கம் சட்டத்தோடு பொருத்தப்பட்டவற்றில் திரும்பாது. திரும்பும் வண்டியில் ஷீல்டில் அடிக்கும் பக்கக் காற்று நேரே ஹேண்டிலைத் திருப்பப் பார்க்கும். லாரியை முந்தும்போதும், தொப்பூர்க் கணவாயில் வளைவு திரும்பும்போதும் இது கைக்குத் தெரியும். நாகர்கோவில் வரை போகிறவர்களுக்கு முப்பந்தல் இருக்கிறது. காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டதே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்காகத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஹேண்டிலில் மாட்டிய உயர ஷீல்டு எம்மாத்திரம். அந்தப் பாதையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓட்டுபவர்கள், திரும்பும் வகை வண்டியில் மிக உயரமானதைத் தவிர்ப்பதே நல்லது. பின்பெட்டியில் பாரம் ஏற ஏற முன்சக்கரம் இலகுவாகி, அதிவேகத்தில் வண்டி நெளிவதும் கூடும்.

இரண்டாவது, பின்னால் உண்டாகும் வெற்றிடம். அகலமான உயர ஷீல்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, முதுகுப்பக்கமிருந்து காற்று உங்களை முன்னால் தள்ளுவது போலிருக்கும். கீழ்ப்பகுதியில் காற்றுத்துளை வைத்த மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, வெயில். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கம் பகலில் ஓட்டும்போது, மார்பில் காற்றே படாவிட்டால் வியர்வை காயாது, உடம்பு வெந்துபோகும். கோடையில் பழைய ஷீல்டை மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள் செய்வது சரியான காரியம். அதனால் கம்பெனி ஷீல்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பின்னால் உட்காருபவர் உங்களைவிட உயரத்தில் இருக்கிறார். உங்கள் தலைக்கு மேலே எறியப்பட்ட காற்று அவர் முகத்தில் போய் விழக்கூடும். அவரை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்காமல் திருப்தி அடைய வேண்டாம்.

## மேலே மாட்டும் டிஃப்ளெக்டர்

இருக்கிற ஷீல்டின் விளிம்பில் கிளாம்ப் வைத்துப் பிடிக்கும் சிறு தகடு இது. உயரமும் சாய்வும் மாறும். நகரத்தில் இறக்கி, ஓசூரில் ஏற்றிக்கொள்ளலாம். தகட்டுக்கும் ஷீல்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காற்று நழுவிப்போவதால் பின்பக்க வெற்றிடமும் குறையும்.

குறைகளும் தெளிவானவை. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் கிளாம்ப் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் பட்டைக்கு அடியில் மணல் சிக்கினால் ஷீல்டைத் தேய்க்கும். பழைய அக்ரிலிக் ஷீல்டாக இருந்தால் கிளாம்ப் பிடித்த இடத்தில் விரிசல் விடும். தகட்டின் கீழ் விளிம்பும் ஷீல்டின் மேல் விளிம்பும் கண்ணுக்கு நேரே வந்தால் இரட்டைக் கோடாகத் தெரிந்து எரிச்சலூட்டும். நகரில் கண்ட இடத்தில் நிறுத்தினால் திருட்டுப் போகவும் வாய்ப்புண்டு.

இருந்தும், வாரத்தில் ஐந்து நாள் பெங்களூர் நெரிசல், மாதம் ஒருமுறை ஊர் என்று இருப்பவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டு பயணத்தில் உங்களுக்கு எந்த உயரம் பொருந்துகிறது என்று இதுவே காட்டிவிடும். அதன்பின் அதே உயரத்தில் நிரந்தர ஷீல்டு வாங்கினால் பணம் வீணாகாது.

## அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா

அக்ரிலிக் தெளிவானது, விலை குறைவு, மெல்லிய கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். அடிபட்டால் கூர்மையாக உடையும். பாலிகார்பனேட் வளையும், லேசில் உடையாது. ஆனால் மேலே கடினப் பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரம் கீறும். பூச்சு இருந்தால் பாலிஷ் போட முடியாது. லாரி தெறிக்கும் கல் அதிகமுள்ள சாலைகளில் ஓட்டுபவர்கள் பூச்சுள்ள பாலிகார்பனேட்டுக்குச் செலவு செய்யலாம். ஆனால் அளவு உறுதியாகும் முன் அதை வாங்க வேண்டாம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஷீல்டை டைல்ஸ் பதித்த சுவருக்கு முன் பிடித்து, மேல் விளிம்புப் பகுதி வழியாகக் கோடுகளைப் பாருங்கள். ஷீல்டை மெல்ல நகர்த்தும்போது கோடு நெளிந்தால் எடுக்காதீர்கள். உயரமானதில் கரும்புகை நிறம் வேண்டவே வேண்டாம், மேடு பள்ளத்தில் தலை தாழும் நொடியில் இருட்டில் ஒன்றும் தெரியாது.

உயரத்தில் சந்தேகம் இருந்தால் சற்று உயரமான அக்ரிலிக் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். வெட்டலாம், ஒட்ட முடியாது என்பதை மனதில் வைத்து ஒரு தடவைக்கு 2 செ.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு வரைந்து, நுண்பல் பிளேடு போட்ட ஜிக்சாவை மெதுவாக ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிப் பிளேடுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு 120, 400, 800 என்று உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து உருட்டுங்கள். மேலே உதடு போல் வளைந்த மாடலை வெட்டினால் அந்த வளைவு போய்விடும், காற்று விழும் இடமும் மாறும்.

ஷீல்டு துணைப்பொருள் என்பதால், இன்சூரன்ஸ் பாலிசியில் தனியே சொல்லிச் சேர்த்தால்தான் விபத்தில் இழப்பீட்டுக்கு வரும். விலை உயர்ந்ததை வாங்குபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

## மாட்டும்போது

விரிசல் பெரும்பாலும் போல்ட் துளையிலிருந்துதான் கிளம்பும். துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், வெயிலில் பிளாஸ்டிக் விரிய இடம் வேண்டுமே. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் அல்லது நைலான் வாஷர் போடுங்கள். எல்லாவற்றையும் முதலில் தளர்வாகப் பிடித்து, பிறகு குறுக்குக்குறுக்காக இறுக்குங்கள். கையால் இறுகியபின் அலன் கீயில் கால் சுற்று போதும். ரப்பர் நட்டு உள்ள இடத்தில் அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி, நட்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கும்.

போல்ட் கழலக் கூடாதென்று நீல நிறத் திரெட்லாக்கர் ஊற்றுவது பெரிய தவறு. அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டையுமே அது தின்னும். சில நாளில் துளையைச் சுற்றிச் சிலந்தி வலை போல வெடிப்பு தெரியும். பெட்ரோல், பிரேக் ஆயில், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் படக் கூடாது. பங்க்கில் பழைய நியூஸ்பேப்பரால் துடைத்தால் ஒரே பயணத்தில் கீறிவிடும். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மென்மையான சோப்பு நீரில் கழுவுங்கள்.

மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, கேபிள், கிளட்ச் லீவர், மிரர் தண்டு, மொபைல் ஹோல்டர், டேங்க் பேக் எதுவும் ஷீல்டில் இடிக்கவில்லை என்று பாருங்கள். முதல் ஓட்டம் சுமை இல்லாமல் 40, 60, 80 என்று படிப்படியாக இருக்கட்டும். ஹேண்டில் நெளிந்தால் பிடியை இறுக்காமல், பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு வேகத்தைக் குறையுங்கள். 100 கி.மீ. ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் அமர்ந்து, ஒன்றிரண்டு கட்டாயம் தளர்ந்திருக்கும்.